அரவைக் கூடத்து நெடி

தலையை அசைக்க வேண்டாம் என்று ஜெசிந்தா சொல்லிவிட்டுப் போன பிறகுதான் சம்பூர்ணத்துக்குத் தலையை அசைக்க வேண்டும் போலிருந்தது. சாயம் மயிர்க்கால்களில் இறங்கி ஊறிக்கொண்டிருந்தது. காதோரத்தில் ஒரு சொட்டு நழுவி, பாதி வழியில் நின்று, நின்ற இடத்தில் அரிக்கத் தொடங்கியது. கழுத்தைச் சுற்றிக் கறுப்புத் துணியைக் கட்டியிருந்ததால் சொறியக் கையை எடுக்கவும் தோதில்லை. எதிரே கண்ணாடியில் உடம்பில்லாத ஒரு தலை, கறுங்குழம்பு பூசிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பெருந்துறை ரோட்டில் இருக்கும் இந்த அழகு நிலையத்துக்கு அவள் இதற்கு முன் வந்ததில்லை. நரை தெரிந்தால் வீட்டிலேயே பாக்கெட்டைக் கரைத்துப் பூசிக்கொள்கிறவள். மருமகள் ஸ்வாதிதான் நேற்றே போன் போட்டுச் சொல்லி வைத்திருந்தாள். "மீட்டிங் முடிஞ்சதும் போட்டோ எடுக்கறாங்க அத்தை. புதுப் பாக்கெட்ல வரப்போற போட்டோ. வீட்டுச் சாயம் லைட்டு பட்டா செவப்படிக்கும்." அவள் கம்பெனி மசாலா பாக்கெட்டில் இருக்கும் சம்பூர்ணத்துக்கு வயது முப்பத்தஞ்சைத் தாண்டாது. பெரிய பொட்டு, நடுவகிடு, எண்ணெய் வைத்து இழுத்து வாரிய கறுங்கூந்தல். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தன்னை அதன் அம்மா என்றுதான் சொல்வார்கள். சாயத்தின் நெடி மூக்கின் உச்சியில் ஏறிக் கண்ணைக் கரித்தது. இது மூக்கோடு நின்றுவிடுகிற நெடி, மிளகாய் அப்படியில்லை, மிளகாய் முதலில் தொண்டையைத்தான் பிடிக்கும், பிறகு கண், அதற்கப்புறம் எங்கே போகிறது என்று ஆருக்கும் தெரியாது, உள்ளே போகிறது, போய் அங்கேயே தங்கிவிடுகிறது. தங்கிவிடுகிறது என்று அவளுக்கு ஆரு சொன்னது. கோயமுத்தூர் டாக்டர் சொன்னார். அவரைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். மீட்டிங்கைப் பற்றி நினைக்க வேண்டும். சோற்று வேளை முடிந்ததும் மீட்டிங். அந்த மெட்ராஸ்காரர் ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மெட்ராஸ்காரர் என்றுதான் அவளுக்கு வாயில் வந்தது, பேர் என்னவோ நீளமாக இருந்தது. வியாபாரத்தை எப்படி மாற்றி அமைப்பது என்று சொல்லிக்கொடுக்க நவனீதன் வரவழைத்த ஆள். மகனுக்கு அப்படி ஒரு ஆசை, கம்பெனி இப்படியே ஓடினால் இன்னும் கொஞ்ச நாளில் பெரிய கம்பெனிக்காரன் விழுங்கிவிடுவான் என்று. போன வாரம் எல்லோரையும் மேஜையைச் சுற்றி உட்கார வைத்து அந்த மனிதர், அதிர்ந்து பேசாத மனிதர், ஒன்று கேட்டார். "எல்லாத்தையும் செய்யணும்னு எல்லாரும் சொல்வீங்க. இந்த வருஷம் ஒண்ணே ஒண்ணுதான் முடியும்னா எது? அதை மட்டும் யோசிச்சுட்டு வாங்க." நவனீதன் புதுப் பாக்கெட் என்றான், பேரும் படமும் எழுத்தும் எல்லாம் புதுசாக. ஸ்வாதி ஏற்றுமதி என்றாள். மேனேஜர் பழனியப்பன், நவனீதன் முகத்தையும் ஸ்வாதி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இரண்டுமே முக்கியமுங்க என்றார். சம்பூர்ணம் கடைசியாக, பையன் சொன்னதே எனக்கும், என்றாள். அதோடு விட்டிருக்கலாம் அந்த ஆள். விடவில்லை. பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டே, சும்மா கேட்கிற மாதிரி, "செய்யணும்னு ரொம்ப நாள் முன்னாடியே முடிவு பண்ணி, இன்னும் செய்யாம இருக்கறது ஏதாவது இருக்கா?" என்றார். ஏசி ஓடுகிற சத்தம் மட்டும். அப்போது பழனியப்பன், நல்ல மனுசன், மௌனத்தைத் தாங்காதவர், சொன்னார். "வண்டி நிறுத்தறதுக்கு ஒரு செட்டு போடோணும்னு இருந்தமுங்க." எல்லோரும் சிரித்தார்கள். ஆமாமா, செட்டு, என்று சம்பூர்ணமும் தலையாட்டினாள். ஆட்டினாளே. அதைத்தான் ஒரு வாரமாக மறக்க முடியவில்லை. வாய் திறந்து பொய் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். ஆட்டிய தலை இதோ கண்ணாடியில் கறுப்பாக இருக்கிறது.

அரவைக் கூடத்துக்குத் தூசி உறிஞ்சும் மெஷின். அதுதான் அது. ஒவ்வொரு வருசமும் பேச்சில் வரும். வந்து, இந்த வருசம் வேண்டாம், அடுத்த வருசம் மொதல் வேலையா அதுதான், என்று போகும். காரணம் இல்லாமல் ஒரு தடவையும் போனதில்லை. ஒரு வருசம் ஜெனரேட்டர் எரிந்து போயிற்று. ஒரு வருசம் பாக்கெட் போடும் மெஷின். ஒரு வருசம் வத்தல் விலை ஏறிக் கிடந்தது. அப்புறம் கொரோனா. அப்புறம் வரி மாற்றம். ஒவ்வொன்றும் நிஜமான காரணம், ஒன்றுகூட சாக்கு இல்லை என்று அவள் எந்தக் கோயிலிலும் கற்பூரம் அணைத்துச் சொல்லுவாள். நிஜமான காரணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அது எப்படிப் பொய்யாகிப் போகிறது என்றுதான் புரியவில்லை. அதுவுமில்லாமல் மரகதமே சொன்னாள். ஆமாம், மரகதமே சொன்னாள், அது இருக்கட்டுங், மொதல்ல பாக்கெட் மெசின வாங்குங் என்று. ஆயுத பூசையன்று. எல்லா மெஷினுக்கும் சந்தனம் வைத்து, பொரி கடலை கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில். சம்பூர்ணம்தான் கேட்டாள், ஏம் மரகதம், தூசி மெசினா பாக்கெட் மெசினா, நீ சொல்லு என்று. மரகதம்தானே அரவைக் கூடத்தில் நிற்கிறவள், அவளைத்தானே கேட்க வேண்டும், கேட்டாள், அவள் சொன்னாள். இதில் தப்பு எங்கே இருக்கிறது. அரிப்பு காதிலிருந்து கழுத்துக்கு இறங்கியது.

"எரியுதாம்மா?" என்றாள் ஜெசிந்தா, பின்னாலிருந்து.

"இல்லீங். அரிக்குது."

"இன்னும் கொஞ்சம் பொறுங்க. இப்பக் கழுவுனா பிடிக்காது."

பொறுக்க வேண்டும். எரிச்சல் ஒன்றும் அவளுக்குப் புதுசில்லை. சூரம்பட்டி லைன் வீட்டில் இருந்தபோது ராத்திரி படுத்தால் கை இரண்டும் அடுப்பில் வைத்த மாதிரி இருக்கும். ஒரே சுவர், இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் மரகதம். இவள் வீட்டுக்காரர் லாரியோடு போய் வராமலே போனவர், அவள் வீட்டுக்காரர் வந்தும் பிரயோசனம் இல்லாதவர். இரண்டு பேரும் மிளகாயும் மல்லியும் வாங்கி, காய வைத்து, வறுத்து, உரலில் இடித்து, பேப்பரில் மடித்துக் கடைக்குப் போட்டார்கள். வறுக்கும்போது லைன் வீடே ஜன்னலைச் சாத்தும். ஒரு நாள் நவனீதன் அழுகிறானே என்று இவள் ஓடிப் போய்த் தூக்கிவிட்டாள், கையைக் கழுவினோம் என்ற நினைப்பில். மிளகாய்க் கை தண்ணீரில் போகுமா. குழந்தை வீரிட்ட வீரிடலில் தெருவே கூடிவிட்டது. கன்னத்திலும் தொடையிலும் அஞ்சு விரலும் சிவந்து எழும்பி நின்றது. இவள் தொட முடியாமல் தள்ளி நின்று அழ, மரகதம்தான் அவனை வாங்கி, தயிரைப் பூசி, விசிறி, தோளில் போட்டு நடந்தாள். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் ஒரு ஒழுங்கு பண்ணிக்கொண்டார்கள். ஒரு நாள் ஒருத்தி மிளகாயைத் தொடுவாள். மற்றவள் தொட மாட்டாள், இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அவள் கையில். மறுநாள் மாற்றி. இன்னைக்கு ஆரு காரக் கை, ஆரு புள்ளைக் கை என்று காலையில் கதவைத் திறந்ததும் கேட்டுக்கொள்வார்கள். இன்னைக்குக் காரக் கை நாந்தான் புள்ள, நேத்து நீயில்ல, என்று சண்டைகூடப் போடுவார்கள், காரக் கைக்குப் போட்டி போட்டுக்கொண்டு. அப்படி ஒரு காலம் இருந்தது.

அந்த முறை எப்போது நின்றது. இதுதான் பிடிபடவில்லை. நிறுத்தலாம் என்று ஆரும் சொல்லவில்லை. கடைக்காரர்களைப் பார்க்க ஒருத்தி போக வேண்டியிருந்தது, சம்பூர்ணம் எட்டாவது படித்தவள், கணக்குச் சொல்லத் தெரிந்தவள், அதனால் அவள் போனாள். போகிற நாளில் மிளகாயைத் தொட முடியாது, கடைக்காரரிடம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க முடியாதே. அன்றைக்கு மரகதம் காரக் கை. மறுநாளும் ஒரு கடைக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு மறுநாள் பேங்குக்கு. வாரத்தில் ஒரு நாள் முறை மாறியது, பிறகு மாசத்தில் ஒரு நாள், பிறகு ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தபோது மரகதம் கேட்கவில்லை. அவள் பாட்டுக்கு உரலுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் காலை எந்தக் காலை. வெயிலா மழையா. தான் என்ன சேலை கட்டியிருந்தாள். ஒன்றும் ஞாபகம் இல்லை. வாழ்க்கையில் நடந்த பெரிய விசயம் ஒன்று சத்தமே இல்லாமல் நடந்து முடிந்திருக்கிறது, அன்றைக்கு அவள் வேறு எதையோ பெரிசாக நினைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போயிருக்கிறாள். சித்தோட்டில் கம்பெனிக்குச் செட்டு எடுத்தபோது மில் மெஷினுக்கு ஆரு என்ற பேச்சே வரவில்லை, மரகதம்தான். ஆட்கள் வேலைக்கு வந்த பிறகு மரகதம் எல்லார் முன்னாடியும், வாங்க, சொல்லுங், என்று பேச ஆரம்பித்தாள். ஏம் புள்ள புதுசா மரியாதையெல்லாம் என்று சம்பூர்ணம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் நன்றாக இருக்காது என்று நினைத்தாள். உள்ளுக்குள் அது பிடித்துமிருந்தது. கொஞ்சம். கொஞ்சமென்ன, பிடித்திருந்தது. பிறகு ஆள் இல்லாத இடத்திலும் அப்படியே நிலைத்துவிட்டது.

கூடத்துக்கு ஜன்னல் வைக்காதது அவள் யோசனைதான். காற்று அடித்தால் பொடி பறக்கும், சேதாரம். கதவையும் சாத்தித்தான் ஓட்டுவார்கள். உள்ளே குண்டு பல்பு செவசெவவென்று ஒரு மூட்டத்துக்குள் எரியும், சாயங்காலச் சூரியன் மாதிரி. துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பெண்கள் நிற்பார்கள், கண் மட்டும் தெரியும், புருவமெல்லாம் சிவப்பு. சம்பூர்ணம் உள்ளே போனால் வாசலிலேயே இருமல் வந்துவிடும். உடனே மரகதம் கையை ஆட்டுவாள், நீங்க போங், நீங்க போங், நான் பாத்துக்கறனுங். இவள் போய்விடுவாள். ஆயுத பூசையன்று எங்கே வைத்துக் கேட்டாள். கூடத்துக்குள் இல்லை. பாக்கிங் செக்‌ஷனில், எல்லோரும் கூடி நிற்க, பொரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. பாக்கெட் மெஷினுக்கு அதற்கு முந்தின வாரமே முன்பணம் அனுப்பியாகிவிட்டது. அது மரகதத்துக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். சாயம் தலையில் சுருக்கென்று குத்தியது. அனுப்பின பிறகுதான் கேட்டாள். அவள் கேட்டது கேள்வியே இல்லை. மரகதம் முதலில் இவள் முகத்தைப் பார்த்தாள், ஒரு கணம், அப்புறம்தான் சொன்னாள், அது இருக்கட்டுங், மொதல்ல பாக்கெட் மெசின வாங்குங், எனக்கென்னுங், ஒரு மூச்சு போனா ஒரு மூச்சு வந்துட்டுப் போவுது. எல்லோரும் சிரித்தார்கள். சம்பூர்ணமும் சிரித்தாள். பொரி சிதறியது. சிரித்து முடித்த பிறகும் மரகதம் இருமிக்கொண்டிருந்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, திரும்பி நின்று. சிரிப்பில் வந்த இருமல் என்று எல்லோரும் நினைத்தார்கள். எல்லோரும் என்றால் ஆரு. தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறாள். அந்தச் சிரிப்பை எப்படி இத்தனை நாள் விட்டுவிட்டு, மொதல்ல பாக்கெட் மெசின வாங்குங் என்பதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். மிளகாயில் காம்பு கிள்ளுகிற மாதிரி கிள்ளிப் போட்டுவிட்டு.

ஜெசிந்தா வந்து ஒரு முடிக்கற்றையை விரலால் வழித்துப் பார்த்தாள். இன்னும் வெள்ளை தெரியுதும்மா, என்று மறுபடியும் கொஞ்சம் தடவினாள். வெள்ளை தெரிந்தால் என்ன. டாக்டர் அறையில் சுவரெல்லாம் வெள்ளை. மரகதத்தின் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டினார். நெஞ்சுக்கூட்டுக்குள் பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி வெள்ளை. நுரையீரல்ல தழும்பு விழுந்திருக்கு, இது மறையாது, இனிமேல் ஏறாமல் பாத்துக்கலாம், என்றார். அப்புறம் அவர் மரகதத்தைப் பார்த்துக் கேட்டார், வீட்ல விறகடுப்பா, தூசி புகையில வேலை எதுவும் உண்டா என்று. மரகதம் வாயைத் திறந்தாள். மூச்சு வாங்க ஒரு கணம் ஆயிற்று அவளுக்கு. அந்த ஒரு கணத்தில் சம்பூர்ணம் முந்திக்கொண்டாள். "ஆமாங் டாக்டர், ரொம்ப வருசம் விறகடுப்புதானுங்." வேண்டாம். இதை நினைக்க வேண்டாம் என்றுதானே புதுப் பாக்கெட், ஏற்றுமதி, செட்டு என்று என்னவெல்லாமோ நினைத்தாள். விறகடுப்பு பொய்யில்லை. சூரம்பட்டியில் இரண்டு பேருக்கும் விறகடுப்புதான். பொய்யில்லாத ஒன்றைச் சொல்லித்தான் அவள் அந்தக் கேள்வியின் வாயை அடைத்தாள். மரகதம் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். கோபப்பட்டிருந்தால் தேவலை. காலையில் கதவைத் திறந்து, இன்னைக்கு ஆரு என்று கேட்கிற பார்வை மாதிரி இருந்தது, பதில் கிடைத்துவிட்டதும் தலையைக் குனிந்து முந்தானை நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள். டாக்டர் விறகடுப்பு என்று எழுதிக்கொண்டார். வருகிற வழியில் பெருந்துறை பக்கம் இளநீர் குடிக்கக் காரை நிறுத்தினார்கள். வெட்டிக் கொடுத்த இளநீரை மரகதம் இவளிடம் முதலில் நீட்டினாள்.

அதற்குப் பிறகு மருந்தும் மாத்திரையும் வீட்டுக்கே ஆக்ஸிஜன் மெஷினும் கம்பெனி செலவு, குறை வைக்கவில்லை. மரகதம் வேலைக்கு வர வேண்டாம், சம்பளம் மட்டும் போகும். முதலில் சம்பூர்ணம் அடிக்கடி போய்ப் பார்த்தாள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்ததும் மரகதத்துக்கு இருமல் பிடித்துக்கொண்டது. விடவேயில்லை. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அவள் மகள் கோகிலாதான் வெளியே கூட்டி வந்து, தயங்கித் தயங்கி, "கோவிச்சுக்காதீங்க பெரிம்மா, உங்க சேலைல மசாலா வாசம் இருக்குது. அம்மாவுக்கு அது ஒத்துக்க மாட்டீங்குது" என்றாள். அடுத்த தடவை தலைக்குக் குளித்து, கடையிலிருந்து எடுத்துப் பிரிக்காத புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். அப்போதும் இருமல் வந்தது. சேலையில் இல்லை என்றால் முடியில் இருக்க வேண்டும், முடியில் இல்லை என்றால் தோலில். அவளுக்குத் தெரியவில்லை, அவளுக்கு எந்த வாசமும் வரவில்லை. அதற்கப்புறம் போகவில்லை. மரகதத்துக்கு ஆகாது என்பதற்காகத்தான் போகவில்லை. கேட்கிறவர்களிடம் அப்படித்தான் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். நிஜமான காரணம். இதுவும் ஒன்று. அடுக்கின் மேல் வைக்கலாம்.

பக்கத்து மேஜையில் கிடந்த போன் அதிர்ந்து நகர்ந்தது. ஜெசிந்தா எடுத்துப் பார்த்து, "நவனீன்னு வருதும்மா" என்று ஸ்பீக்கரில் போட்டு அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஆச்சா? போட்டோகிராபர் வந்துட்டாரு."

"நவனீ, அந்த ஒண்ணு என்னன்னு கேட்டாரே. தூசி மெசினுன்னு சொல்லப் போறேன் நான்."

"அரவைக் கூடத்துக்கா? அது வேணுங்கறதுதாம்மா, ஆரு இல்லைன்னா. புது பாக்டரி கட்டறப்ப அதுலயே சேர்ந்து வந்துரும். இப்ப இருக்கற கூடத்துக்குப் போட்டு அப்புறம் இடிக்கறதா?"

"புது பாக்டரி எப்ப?"

"ரெண்டு வருசம். மிஞ்சினா மூணு."

"அதுவரைக்கும்?"

"அம்மா, தீபாவளி ஆர்டர் நிக்குது. இப்பக் கூடத்துல கை வெச்சா ஒரு மாசம் அரவை நின்னு போகும். மாஸ்க் நல்லதா வாங்கிக் குடுக்கலாம். நீங்க வாங்க, மீட்டிங்ல பேசிக்கலாம். கண்டிப்பா அதையும் சேர்த்துக்கலாம்."

அவன் குரலில் ஒரு குறையுமில்லை. அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்பைத்தான் அவளால் கேட்க முடியவில்லை. ஏனென்றால் அது அவள் குரல். கண்டிப்பா சேர்த்துக்கலாம், அடுத்த வருசம் மொதல் வேலையா, பேசிக்கலாம். ஒரு சொல் மாறாமல் அப்படியே கற்றுக்கொண்டிருக்கிறான். நடக்கக் கற்றுக் கொடுத்த மாதிரி, கணக்குக் கற்றுக் கொடுத்த மாதிரி இதையும் அவள்தான் கற்றுக் கொடுத்திருக்கிறாள். அவன் கன்னத்தில் தயிர் பூசினவள் ஆரு என்று அவனுக்குத் தெரியும், பல தடவை சொல்லியிருக்கிறாள், சிரிப்புக் கதையாக. மீட்டிங்குக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவளுக்கு ஒவ்வொரு வரியாகத் தெரிந்தது. ஸ்வாதி அது ரொம்ப அவசியம் அத்தை என்பாள். பழனியப்பன் ரெண்டுமே முக்கியமுங்க என்பார். அவளும் கடைசியில் தலையை ஆட்டுவாள். அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாதா. அந்த அறையில் ஏசிக்கு அடியில் உட்கார்ந்தால் அவள் வேறு ஆளாகிவிடுவாள்.

"கழுவி விடுங்க ஜெசிந்தா."

"இன்னும் நேரம் ஆகலைம்மா. திட்டுத் திட்டாத் தெரியும்."

"பரவால்லீங். கழுவுங்க."

வெதுவெதுப்பான தண்ணீர் நெற்றியிலிருந்து பின்னால் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது எல்லாம் சுலபமாக இருந்தது. துடைத்து விட்டதும் கண்ணாடியைப் பார்க்காமல் எழுந்தாள். காரில் ஏறி, கதவைச் சாத்தின பிறகு பழனியப்பனைக் கூப்பிட்டாள். எதற்குத் தயங்க வேண்டும், அவள் கம்பெனி, அவள் ஆள்.

"பழனியப்பன், அரவைக் கூடத்துல மெயினை ஆப் பண்ணுங்க."

"கரண்டு ஏதாவது பிரச்சினைங்களா?"

"இல்லீங். நிறுத்துங்க. தூசி உறிஞ்சற மெசின் மாட்டாம இனி அங்க மிளகாய் அரைக்க வேண்டாம்."

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை…"

"நான் சொல்லிக்கறேன். இப்ப நிறுத்துங்க. நான் போனை வெக்கல. எனக்குச் சத்தம் நிக்கறது கேக்கோணும்."

அவர் நடக்கிற சத்தம் கேட்டது. மில்லின் இரைச்சல் பெரிதாகிக்கொண்டே வந்தது. காதில் வலிக்கும் வரை வந்து, ஒரு முறுக்கு முறுக்கி, இறங்கி, அடங்கியது. அவள் நினைத்திருந்தாள், அது நின்றால் நெஞ்சில் ஏதோ இறங்கும் என்று. ஒன்றும் இறங்கவில்லை. இத்தனை சுலபமாக இருந்திருக்கிறது. ஒரு சுவிட்சு. அந்தச் சுலபம்தான் தாங்க முடியாமல் இருந்தது. கஷ்டமான காரியம் என்றிருந்தால் இத்தனை வருசத்துக்கு அதுவாவது ஒரு பதிலாக இருந்திருக்கும்.

டிரைவர் எங்கே போவது என்று கேட்டார். கம்பெனிக்கு, என்றாள். பவானி ரோட்டில் கார் திரும்பியதும் கோகிலாவுக்குப் போன் போட்டாள். எத்தனையோ நாளாகப் போடாத போன். கோகிலா, இருங்க பெரிம்மா, என்று கொண்டு போய்க் கொடுத்தாள். முதலில் ஆக்ஸிஜன் மெஷினின் ஓட்டம்தான் கேட்டது, அப்புறம் மூச்சு, அப்புறம் குரல்.

"சொல்லுங். நல்லா இருக்கீங்களா?"

"மரகதம். கூடத்தை நிறுத்திட்டேன் இன்னைக்கு. தூசி மெசின் மாட்டித்தான் இனி ஓட்டறது." சொல்லி முடிப்பதற்குள் அதன் அற்பம் அவளுக்கே கேட்டது. ஏதோ பரிசு வாங்கின பிள்ளை மாதிரி சொல்கிறாள். அந்தப் பக்கம் மூச்சு வந்தது, போனது. நல்லதுங் என்று சொல்வாள் என்று இவள் எதிர்பார்த்தாள். அல்லது அழுவாள் என்று. இப்பவாச்சும் தோணுச்சே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால்கூடப் போதும் என்றிருந்தது.

"மரகதம், அன்னைக்கு டாக்டர்கிட்ட…"

"அது எதுக்குங் இப்ப." மூச்சு. "எம்பட எடத்துல… இப்ப ஆருங் நிக்கறா?"

சம்பூர்ணம் வாயைத் திறந்தாள். ஆரு நிற்கிறாள். நின்றுகொண்டுதான் இருக்கிறாள் ஒருத்தி, மரகதம் வராமல் போனதிலிருந்து. துண்டு கட்டின முகம். சிவந்த புருவம். வாசலில் இவள் இருமும்போது கையை ஆட்டி, போங் என்கிறவள். பார்த்திருக்கிறாள், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பேர் என்ன. பழனியப்பன் சேர்த்த ஆள். எந்த ஊர்.

"தெரீலியே மரகதம்."

"கேளுங் போயி" என்றாள் மரகதம். போனை வாங்கிய கோகிலா, அம்மா களைச்சுப் போச்சுங்க பெரிம்மா, என்று வைத்தாள்.

கம்பெனி வாசலில் நவனீதனின் கார் நின்றது. மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் அவன் நிற்பதும், கையை விரித்துப் பேசுவதும் தெரிந்தது. சம்பூர்ணம் மாடிக்குப் போகாமல் ஈரத் தலையோடு பின்பக்கம் நடந்தாள். கூடத்தின் கதவு திறந்து கிடந்தது. சத்தம் நின்ற பிறகும் பொடி உள்ளே மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. வேலையில்லாமல் ஆகிவிட்ட பெண்கள் சுவரோரம் குந்தியிருந்தார்கள், அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். ஒருத்தி மட்டும் மில்லின் பக்கத்திலேயே நின்றாள். சம்பூர்ணம் வாசலைத் தாண்டி உள்ளே போனாள். தொண்டையைப் பிடித்தது. இருமினாள். அந்தப் பெண் பழக்கத்தில் கையைத் தூக்கினாள், போங் என்று சொல்ல. சொல்லாமல் இறக்கிக்கொண்டாள்.

"உம்பட பேரென்ன, கண்ணு?"

அந்தப் பெண் துண்டை அவிழ்த்தாள். துண்டுக்குக் கீழே முகம் வெளுப்பாக, வேறொரு முகம் மாதிரி இருந்தது. முப்பது வயதுகூட இருக்காது. நின்று போன மெஷினைப் பார்த்தாள், முதலாளியம்மாவைப் பார்த்தாள், வாசலில் வந்து நின்ற மேனேஜரைப் பார்த்தாள்.

"தவமணிங்க. ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?"

"இல்ல. ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டேன்." கிட்டத்தில் போய் அவள் கையைப் பிடித்தாள். மிளகாய்க் காரத்தில் அந்தக் கை கொதித்தது. "இருமல் இருக்குதா உனக்கு?"

தவமணி உடனே தலையை ஆட்டினாள். "இல்லீங்க. இருமலெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்கறனுங்க." சொல்லிவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கோத்தது. கழுத்து நரம்பு புடைத்து, தொண்டை ஒரு தடவை மேலே ஏறி இறங்கியது, இன்னொரு தடவை ஏறியது. சம்பூர்ணம் அந்தக் கையை விடாமல், அந்த இருமல் வெளியே வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள்.